தாளம் தப்பாத லேப்டாப்

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலைக்குப் போகும் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். டீ டம்ளரை வாங்கியதுமே ஆரம்பித்தான். "மாமா, கையில 35,000 ரூபா சேர்த்து வெச்சிருக்கேன். சின்ன வயசுல விளையாடின பிஎஸ்2 கேமெல்லாம் லேப்டாப்புல விளையாடணும். இதைப் பாருங்க, 16 ஜிபி ரேம், பெரிய எஸ்எஸ்டி."

போனில் அவன் காட்டிய மாடலின் பிராசஸர் செலிரான். "இது வேண்டாம் மாப்ள" என்றேன். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின மெஷின்தானே மாமா, இது தாங்காதா?" என்றான். நியாயமான கேள்வி. பதில் சொல்ல இன்னொரு டீ தேவைப்பட்டது.

பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வெளியானது 2000-ஆம் ஆண்டு. அதன் பிராசஸரான எமோஷன் எஞ்சினின் வேகம் சுமார் 295 மெகாஹெர்ட்ஸ். ரேம் 32 எம்பி. காகிதத்தில் சின்ன மெஷின்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு முழுக் கச்சேரியே நடக்கிறது. பிராசஸருக்குத் துணையாக இரண்டு வெக்டர் யூனிட்டுகள், படம் வரையத் தனி சிப், ஒலிக்குத் தனி சிப், கன்ட்ரோலரையும் டிஸ்க்கையும் கவனிக்க இன்னொரு பிராசஸர். எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் ஓடும்.

லேப்டாப்பை பிஎஸ்2 போல நடிக்கவைக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். அது இந்தப் பக்கவாத்தியங்கள் அத்தனையையும் மென்பொருளாலேயே வாசிக்க வேண்டும். அதுவும் ஓட ஓட மொழிபெயர்த்துக்கொண்டு. பிஎஸ்2-வின் கட்டளைகள் மிப்ஸ் வகை. நம் லேப்டாப்புக்குப் புரிவது எக்ஸ்86 வகை. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. அதைத் தவறவிட்டால் படம் திக்கும், பாட்டு இழுக்கும்.

பிராசஸரில் எட்டு கோர் இருந்தாலும் இந்த வேலையை எல்லாவற்றுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க முடியாது. முந்தைய கட்டளையின் விடை தெரிந்தால்தான் அடுத்ததைத் தொட முடியும். பிஎஸ்2-வுக்கான பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் பெரும்பாரம் இரண்டு மூன்று கோர்களின் மேல்தான் விழுகிறது. அதனால் எத்தனை கோர் என்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே முக்கியம். வாங்க நினைக்கும் பிராசஸரின் பெயரைப் பாஸ்மார்க் தளத்தில் தேடி, 'சிங்கிள் த்ரெட்' மதிப்பெண்ணைப் பாருங்கள். 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பிஎஸ்2 விளையாட்டுகளுக்கு நம்பி இறங்கலாம். மலிவு செலிரான்கள் இதற்கு வெகுவாகக் கீழே நின்றுவிடும். ரேமை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் குறை தீராது.

பிராசஸரின் பெயரில் உள்ள எண்ணையும் நம்பிவிடக் கூடாது. ரைசன் 5 7520யு என்பது 5600யு-வைவிடப் புதிதாகத் தெரியும். ஆனால் 7000 வரிசையில் கோரின் தலைமுறையைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் அது 2, அதாவது பழைய ஜென் 2. 5600யு-வில் இருப்பதோ ஜென் 3. எண் சின்னது, கோர் புதுசு.

அடுத்தது ரேம். பட்ஜெட் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி ரேமையே பகிர்ந்துகொள்ளும். ஒரே 8 ஜிபி ஸ்டிக் என்றால் ஒற்றைவழிப் பாதை. இரண்டு ஸ்டிக் போட்டால் பாதை இரட்டிப்பாகும். இன்டெல் ஐ5-1135ஜி7 லேப்டாப்பில் ஒரே ஸ்டிக் இருந்தால் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்ற பெயரே வராது, வெறும் 'யுஎச்டி' என்றுதான் காட்டும். காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். படத்தை இரண்டு மூன்று மடங்கு கூர்மையாக்கிப் பார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

எந்த கன்சோல் வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பிஎஸ்1, பிஎஸ்பி இரண்டும் எளிய லேப்டாப்பிலேயே ஓடும். கேம்கியூப், வீ இரண்டுக்குமான டால்ஃபின் எமுலேட்டர் கேட்பதும் இதே வேகமான கோரைத்தான். பிஎஸ்3 மட்டும் இந்தப் பட்ஜெட்டுக்கு வேண்டாம். அதன் 3.2 கிகாஹெர்ட்ஸ் செல் பிராசஸரைப் போலச் செய்துகாட்ட, வேகமான கோர்கள் நிறைய வேண்டும்.

"அப்போ இந்தக் காசுக்கு எங்கே மாமா போறது?"

"ரிச்சி ஸ்ட்ரீட் உன் ரூமுக்குப் பக்கம்தானே. ஆபீஸ்ல இருந்து கழிச்ச பிசினஸ் லேப்டாப் கேளு. ரேம் மாத்தலாம், ஃபேனைக் கழட்டித் துடைக்கலாம். சார்ஜர் மாட்டி அரை மணி நேரம் நல்லா வேலை கொடுத்துப் பாரு. சூடேறினா பிராசஸர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அஞ்சு நிமிஷத்துல அது தெரியாது."

கடைசியாக ஒன்று சொன்னேன். பிஎஸ்2 எமுலேட்டருக்கு அந்த கன்சோலைத் தொடக்கிவைக்கும் பயாஸ் கோப்பு வேண்டும். அதை ஊர் பேர் தெரியாத தளத்தில் தேடாமல், சொந்த கன்சோலிலிருந்து எடுப்பதே நேர்மையான வழி. விளையாட்டுகளையும் நாம் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கிலிருந்தே, ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ் வைத்துப் படியெடுத்துக்கொள்ளலாம்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் போனை எடுத்தான். "அம்மா, பரண்ல என் பிஎஸ்2 பெட்டி இருக்கும். டிஸ்க்கோட சேர்த்து எடுத்து வைங்க. யாருக்கும் கொடுத்துடாதீங்க."