பி.எஸ்.ஏ. ரிப்போர்ட் வந்துடுச்சா? எண்ணைப் பார்த்ததும் பயப்படாதீங்க!

அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மொபைலுக்கு வருகிறது. 'பி.எஸ்.ஏ. 6.2' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பார்த்து, "ஐயோ, புற்றுநோயா?" என்று வீடே கலங்கிப் போகிறது. கொஞ்சம் பொறுங்க. அந்த எண் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

பி.எஸ்.ஏ. என்றால் என்ன?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் நொதி இது. விந்தை நீர்க்கச் செய்வதுதான் இதன் வேலை. இதில் மிகச் சிறிதளவு ரத்தத்திலும் கலக்கும். சுரப்பியில் ஏதாவது பாதிப்பு வந்தால் அந்த அளவு கூடும்.

ஒளியால் எப்படி அளக்கிறார்கள்?

இதை அளக்கும் அலகு நானோகிராம். அதாவது, ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டுபிடிக்கத்தான் பல ஆய்வகங்கள் ஒளியைப் பயன்படுத்துகின்றன. ரத்த மாதிரியில் உள்ள பி.எஸ்.ஏ.வை ஒரு எதிர்ப்புரதம் பிடித்துக்கொள்ளும். ஒளிதரும் பொருள் இணைத்த இன்னொரு எதிர்ப்புரதம் அதன்மேல் ஒட்டும். ஒட்டாததைக் கழுவிவிட்டு ரசாயனம் சேர்த்தால், மின்மினிப் பூச்சி போல ஒளி வரும். ஒளி கூடினால் பி.எஸ்.ஏ.வும் கூடுதல் என்று அர்த்தம்.

ஆனால், இயந்திரம் சொல்வது அளவை மட்டும்தான்; காரணத்தை அல்ல. பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் இருந்தால் டாக்டர்கள் கவனிப்பார்கள். வயதால் சுரப்பி வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும், சிறுநீர்க் குழாய் போட்டிருந்தாலும் எண் ஏறும். அளவு குறைவாக இருந்தும் சிலருக்குப் புற்றுநோய் இருக்கலாம்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க

• சமீபத்தில் சிறுநீர்த் தொற்று வந்ததா?
• சுரப்பி வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா? அது எண்ணை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும்.
• முடி வளர பயோட்டின் மாத்திரை எடுக்கிறாரா? அதிக அளவில் எடுத்தால் சில இயந்திரங்களில் முடிவு தவறாக வரும்.
• பழைய ரிப்போர்ட் இருக்கிறதா? எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் முக்கியம்.

தேவைப்பட்டால் டாக்டர் மறுபரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவற்றுக்கு எழுதித் தருவார். புற்றுநோயை உறுதி செய்வது திசுப் பரிசோதனைதான். அதற்காக, "உடம்புக்கு ஒன்றும் தெரியலையே" என்று ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடாதீர்கள். ஆரம்ப நிலையில் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது.

சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். அந்த ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போடாமல், டாக்டரிடம் காட்டுங்கள்.