பல்கலைக்கழகங்களுக்கிடையே மதிப்பலகு மாற்றமும் பகுதி-1 தமிழ்த்தாள்களும்: சேலம், நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

நாமக்கல் மாவட்டக் குமாரபாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஈரோடு மாவட்டப் பவானியை அடையலாம். நாமக்கல் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் 1997இல் தோன்றிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் அமைந்துள்ளன. ஈரோடு மாவட்டமோ கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்கு உட்பட்டது. பரமத்திவேலூருக்கு எதிர்க்கரையிலுள்ள கரூர் மாவட்டம் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திற்கு உரியது. திருமணத்தாலோ தொழிலாலோ அக்கரைக்குக் குடிபெயரும் மாணவர், படித்த பருவங்களை இழக்காமல் படிப்பைத் தொடர இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மதிப்பலகு: விளக்கம்

கிரெடிட் எனப்படும் மதிப்பலகு கற்றல் நேரத்தின் அளவாகும். ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணிநேர விரிவுரை, அல்லது இரண்டு மணிநேரச் செய்முறை, ஒரு மதிப்பலகாகக் கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்குப் பெரும்பாலும் 140 மதிப்பலகுகள் வேண்டும். தேசிய மதிப்பலகுச் சட்டகம் (2023) ஆண்டிற்கு 40 என வகுப்பதால் அக்கணக்கில் 120 போதுமானது. எனவே, எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

மதிப்பலகு வங்கி

பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கல்விசார் மதிப்பலகு வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி மாணவர் பெயரில் இணையவழிக் கணக்கு தொடங்கப்படுகிறது. மதிப்பலகுகளைக் கல்வி நிறுவனமே அதில் பதிவேற்ற வேண்டும். மாணவர் நேரடியாகச் சேர்க்க இயலாது. அவை அதிக அளவாக ஏழாண்டுகள் செல்லும். பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது 50 விழுக்காட்டை ஈட்டியிருத்தல் வேண்டும். பட்டத்திற்குப் பயன்படுத்தியவை கணக்கிலிருந்து கழிக்கப்படும். கல்லூரி பதிவேற்றத் தவறினால் மாணவரின் உழைப்பு கணக்கில் இடம்பெறாது என்பது இங்குக் கருதத்தக்கது.

பகுதி-1 தமிழில் எழும் சிக்கல்

வங்கி சான்றைக் கொண்டுசேர்க்கிறது. ஒரு தாள் மற்றொன்றுக்கு இணையா என்பதைச் சேரும் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. ஒரு பல்கலைக்கழகம் முதற்பருவத்தில் இக்கால இலக்கியத்தையும் நான்காம் பருவத்தில் சங்க இலக்கியத்தையும் வைத்துள்ளது எனவும், மற்றொன்று இவ்வரிசையை மாற்றி அமைத்துள்ளது எனவும் கொள்வோம். இரு பருவங்களை முடித்து முன்னதிலிருந்து பின்னதற்கு மாறும் மாணவர் இக்கால இலக்கியத்தை இருமுறை கற்பார். சங்க இலக்கியத்தைக் கற்காமலே பட்டம் பெறுவார். மதிப்பலகுக் கூட்டுத்தொகையில் இக்குறை புலப்படாது.

இணைத்தன்மை மறுக்கப்பட்டால், விடுபட்ட தாளை இளைய வகுப்பினருடன் அமர்ந்து எழுத நேரிடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஒரு பருவத் தாமதமே படிப்பை நிறுத்தப் போதுமான காரணமாகிவிடும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023இல் முன்வைத்த பொதுப் பாடத்திட்டம் இவ்வேறுபாட்டைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று. எனினும், தாள்களை ஒரே அச்சில் வார்ப்பது வட்டார இலக்கியங்களுக்குரிய இடத்தைச் சுருக்கும் என்னும் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

முடிவுரை

பாடத்திட்டத்தை ஒன்றாக்காமலே இணைத்தன்மையைத் தெளிவாக்க இயலும். அண்டைப் பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பாடத்திட்டக் குழுக்கள் கூடி, தாள்களை அலகுவாரியாக ஒப்பிட்டு, இணை அட்டவணையைச் சேர்க்கைக்கு முன்பே வெளியிடலாம். விடுபட்ட அலகை மட்டும் குறுகியகால இணைப்புப் பாடமாக நடத்தலாம். மாணவர் எத்தனை மணிநேரம் கற்றார் என்பதை வங்கி அறியும். எதைக் கற்றார் என்பதை அறிந்துரைக்கும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கே உரியது.