வராமற்போன பதில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஜனாதிபதி ஐசன்ஹோவர் 1953-இல் பிறப்பித்த ஓர் உத்தரவின் விளைவாக, தம் பாலினத்தாரையே நேசித்தவர்கள் என்ற காரணத்தால் ஆயிரக்கணக்கானோர் சர்க்கார் உத்தியோகத்தை இழந்தனர். ஹார்வர்டில் வானசாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பிராங்க் காமெனியே 1957-இல் ராணுவ வரைபடத் துறையிலிருந்து வெளியேற்றப்பட்டார் என்றால், சாமானிய குமாஸ்தாக்களின் கதியை நினைக்க நெஞ்சம் பதறுகிறது.

உத்தியோகம் பறிபோவது ஊரறியும். ஊதியம் குறைவதோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பொருளாதார நிபுணரான லீ பேட்ஜெட் அம்மையார் 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்வி, அனுபவம், தொழில் ஆகியவை ஒத்திருந்தும், தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் மற்ற ஆண்களைவிட 11 முதல் 27 சதவீதம் வரை குறைவாகச் சம்பாதித்ததைக் கண்டார். பெண்களின் நிலை வேறு: தன்பாலீர்ப்புள்ள பெண்கள் ஏனைய பெண்களைவிடச் சற்று அதிகமாகவே ஈட்டுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன, அவர்கள் அதிக நேரம், இடையறாது வேலை பார்ப்பதே இதற்கு ஒரு காரணம்.

ஆயினும் என் மனத்தை மிகவும் வருத்துவது ஆண்டிராஸ் தில்சிக் என்ற ஆராய்ச்சியாளர் 2011-இல் வெளியிட்ட பரிசோதனைதான். 1,769 வேலை விளம்பரங்களுக்கு அவர் இரண்டிரண்டு கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார். இரண்டிலும் தகுதி சமம். ஒருவர் கல்லூரியில் தன்பாலீர்ப்பாளர் சங்கத்தின் பொருளாளர், மற்றவர் இடதுசாரிச் சார்புடைய வேறொரு சங்கத்தின் பொருளாளர் என்பதே வித்தியாசம். பின்னவருக்கு 11.5 சதவீத இடங்களிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. முன்னவருக்கு வந்ததோ 7.2 சதவீதமே.

பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதமென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஆனால், அழைப்பே வராத விண்ணப்பதாரருக்கு, அது ஏன் வரவில்லை என்பதை எவரும் எழுதித் தெரிவிப்பதில்லையே!