கடல் கடந்த சம்பளம் – 7: இரண்டாண்டுக் கெடு

சென்ற வாரம் மாணவர்களைப் பார்த்தோம். இங்கே முனைவர் பட்டம் வாங்கிவிட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு ‘போஸ்ட்டாக்’ ஆய்வாளராகப் போகிறவர்களின் கணக்கு வேறு.

ஜே-1 விசாவில் போய் இறங்கியதும் சம்பளப் பிரிவில் படிவம் 8233 பற்றிச் சொல்வார்கள். அதை நிரப்பிக் கொடுத்தால் சம்பளத்தில் மத்திய வருமான வரி பிடிக்க மாட்டார்கள். 1989 செப்டம்பரில் கையெழுத்தான இந்திய–அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு தரும் சலுகை இது. புறப்படும்வரை இந்தியவாசியாக இருந்திருக்க வேண்டும், வேலை கல்வி நிறுவனத்தில் இருக்க வேண்டும், ஆய்வு தனியார் லாபத்துக்காக நடக்கக் கூடாது. நம்மவர்களில் பெரும்பாலோர் இதிலெல்லாம் தேறிவிடுவார்கள்.

சிக்கல், ‘இரண்டு ஆண்டு’ என்ற சொற்களில் இருக்கிறது. இரண்டு ஆண்டு முடிந்ததும் மூன்றாம் ஆண்டிலிருந்து வரி கட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒப்பந்தமோ, வருகையே இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால், முதல் நாளிலிருந்து பெற்ற சலுகை மொத்தமும் போய்விடும் என்பது அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் நிலை. சீனர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை: அவர்களுக்கு மூன்று ஆண்டுச் சலுகை, கூடுதலாகத் தங்கினாலும் பழையதைத் திரும்பக் கேட்பதில்லை. நம் ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர்கள் இதைக் கவனித்திருக்கலாம்.

தொகை எவ்வளவு வரும்? அங்கே பல பல்கலைக்கழகங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் என்ஐஎச் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) சம்பளப் பட்டியலில், 2024-இல் முதலாண்டு ஆய்வாளருக்கு 61,008 டாலர். தனி ஆளாக, கழிவு எதுவும் இல்லாமல் பார்த்தால் வரி சுமார் 8,500 டாலர். இரண்டு ஆண்டுக்கு 17,000. அதன்மேல் வட்டி. ஆய்வு இரண்டு ஆண்டில் முடிவது அபூர்வம். ஜே-1 ஆய்வாளர் விசாவே ஐந்து ஆண்டுவரை போகும். பேராசிரியர் மகிழ்ச்சியோடு நீட்டிப்புக் கடிதம் தருவார், அதில் வரியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் இந்த ஒப்பந்தத்தை ஏற்பதில்லை, மாநில வரி கட்டித்தான் ஆக வேண்டும். ஜனவரியில் விமானம் ஏறுகிறவர் அந்த நிதியாண்டுக்கு இந்தியாவிலும் வசிப்பவரே என்பதால், மார்ச் வரை வாங்கிய டாலர் சம்பளத்தை இங்கேயும் காட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், மூன்றாம் ஆண்டும் தங்க நேரலாம் என்று சிறிதளவு தோன்றினாலும் 8233-ஐக் கொடுக்காதீர்கள். மாதாமாதம் வரி பிடிக்கட்டும். இரண்டு ஆண்டுக்குள் ஊர் திரும்பிவிட்டால் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தக் கணக்குப் போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பொதுவாக அதற்கு, கணக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.