எட்டிலொன்றாக வற்றும் குடிநீர்

யாழ்ப்பாணத்து வீடொன்றில் தடிமன், இருமல், உடம்புளைவு என்று ஒருவர் படுக்கையை நாடினால், அடுப்பில் முதலில் ஏறுவது குடிநீர் முட்டியே ஆகும். குடிநீர் என்னுஞ் சொல் பருகுதற்குரிய தண்ணீர் என்னும் பொருளில் இன்று எங்கும் வழங்குகின்றது. எனினும் வைத்திய நூல்களிலும் யாழ்ப்பாணத்து மூத்தோர் பேச்சிலும் அதற்கு வேறொரு பொருள் உண்டு. வேரும் பட்டையும் விதையும் நீரிலிட்டுக் காய்ச்சி, வற்றவைத்து, வடித்தெடுத்த மருந்தே அவர்களுக்குக் குடிநீர். கஷாயம் என்பதும் இதுவே. இதனைக் காய்ச்சுதலை அவித்தல் என்றே அவ்வூரார் சொல்வர். தமிழகத்தார் சுக்கு என்று வழங்கும் உலர்ந்த இஞ்சி அவர்கள் வாயில் வேர்க்கொம்பு ஆகும். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தறியாதார் தீபகற்பத்தில் மிகச் சிலரே.

இது எளிய குடிநீர். நாட்டு வைத்தியராகிய பரியாரியார் எழுதிக் கொடுக்கும் குடிநீரிலோ வேர்களே மிகுதியாக இருக்கும். கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சில் ஆகிய ஐந்தன் வேர்களுக்கும் சிறுபஞ்சமூலம் என்பது பெயர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றுக்குக் காரியாசான் இப்பெயரையே சூட்டினார் என்றால், அக்காலத்திலேயே இக்கூட்டு எத்துணைப் பழக்கமானதாயிருந்தது என்பது விளங்கும். இவற்றுள் நெருஞ்சிலும் கண்டங்கத்தரியும் வறண்ட தரிசு நிலங்களில் தாமாகவே முளைப்பவை. வீதியோரத்தில் காலிற் குத்தும் முள்ளாகவே பலரும் அவற்றை அறிவர். தென்னிலங்கையிலும் இத்தகைய வழக்கு உண்டு. மல்லி, வேர்க்கொம்பு, கண்டங்கத்தரி, மரமஞ்சள், பற்பாடகம் என்னும் ஐந்தும் சேர்ந்த பஸ்பங்குவ என்னும் பொதி சிங்கள மக்களின் வீடுகளில் அவ்வாறே அவிக்கப்படுகின்றது.

இதனை ஆயுர்வேதம் என்பதா, சித்தம் என்பதா என்று சிலர் வழக்காடுவர். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் ஆகியவற்றையும் ஆயுர்வேதம் என்னும் ஒரே சொல்லுள் அடக்கிவிட்டது. யாழ்ப்பாணத்து மன்னர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் தமிழில் ஆனவை. ஏட்டில் கிடந்த அவை அச்சேறியது சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்களின் முயற்சியினாலாகும். 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவத்துக்கெனத் தனி அலகு அமைந்தது. முட்டியில் கொதிக்கும் வேருக்கு இப்பெயர் வேறுபாடு ஒரு பொருட்டன்று. அதற்குப் பொருட்டாவது அளவு.

இலங்கை வைத்தியர் பலரும் கைக்கொள்ளும் அளவு இது: சரக்கு எத்தனை வகையாயினும் அவற்றின் மொத்த நிறை பன்னிரண்டு கழஞ்சு, அதாவது ஏறத்தாழ 60 கிராம். ஐந்து வகைச் சரக்காயின் ஒவ்வொன்றும் 12 கிராம், பத்தாயின் ஆறு கிராம். வார்க்கும் நீர் எட்டுப் பங்கு, ஏறக்குறைய 1,920 மில்லிலீற்றர். அது வற்றி ஒரு பங்காக, 240 மில்லிலீற்றராக, இறக்கப்படும். காலையிற் பாதியும் மாலையிற் பாதியும் ஒரே நாளிற் குடித்து முடித்தல் வழக்கம். மறுநாளைக்கு வைத்தால் புளித்துப்போகும்.

ஏன் எட்டிலொன்று? நீரைக் குறைத்துச் சாரத்தைத் திரட்டுதற்கு என்பது உடனே தோன்றும் விடை. அதனினும் நுட்பமான விடை ஒன்று உண்டு. இலையைப் போன்றதன்று வேர். அதன் திசுக்கள் மரத்தன்மை ஏறித் தடித்தவை. நீர் உள்ளே ஊறி, அங்குள்ள சத்தைக் கரைத்து, மீண்டும் வெளியே வருவதற்கு நேரம் வேண்டும். இளந்தீயில் எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காக வற்றுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரமேனும் செல்லும். ஆகவே "எட்டிலொன்றாக வற்றவை" என்ற கட்டளையினுள்ளே "இத்தனை நேரம் கொதிக்கவை" என்னும் கட்டளையும் ஒளிந்திருக்கின்றது. கடிகாரமில்லாத வீட்டில் நீரின் மட்டமே நேரத்தைக் காட்டிற்று. முதலில் ஒரு பங்கு நீரை மட்டும் முட்டியில் வார்த்து, ஓர் ஈர்க்கை நிறுத்தி, நனைந்த இடத்தில் நகத்தாற் கீறி வைத்துக்கொண்டால், பின்னர் எட்டுப் பங்கும் வற்றி அக்கீறலுக்கு இறங்கியதும் முட்டியை இறக்கலாம்.

இப்பொழுது வாயு அடுப்பில் பெருந்தீ மூட்டி அரை மணி நேரத்தில் அதே மட்டத்துக்கு வற்றவைப்போர் உளர். மட்டம் சரியாயிருக்கும், ஆனால் வேரிலுள்ள சத்து முழுவதும் இறங்கியிராது. தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று சித்தர் மரபு தீயை மூவகையாகப் பிரித்தது வீண் ஆரவாரம் அன்று. வேரை ஒன்றிரண்டாக இடித்தலுக்கும் இதுவே காரணம். முழுதாக இட்டால் நீர் உட்புகாது. மாவாக இடித்தாலோ கூழாகி, அடிப்பிடித்து, வடிகட்ட இயலாமற் போகும். முதல் நாளிரவே ஊறவைத்தல் இன்னும் நன்று.

ஆயின் எல்லாச் சரக்கும் நெடுங்கொதியைத் தாங்குவன அல்ல. மல்லி, வேர்க்கொம்பு, நன்னாரி ஆகியவற்றின் மணம் ஆவியோடு ஓடிவிடும் எண்ணெயிலும் அதனைப் போன்ற பொருள்களிலும் இருப்பது. குடிநீர் கொதிக்கும்போது வீடு முழுதும் மணக்கின்றதே என்று மகிழ்வோர், அம்மணம் முட்டியிலிருந்து புறப்பட்டே வீட்டுக்கு வந்தது என்பதை நினைப்பதில்லை. வன்மையான வேர்களை முதலில் இட்டு, மணப்பொருள்களைக் கடைசியிற் சேர்த்து மூடிவைத்தால் இரண்டும் கைகூடும். பாத்திரம் மண்ணாயின் சாலச் சிறந்தது. துவர்ப்புள்ள சரக்கை இரும்புச் சட்டியில் அவித்தால் மையைப்போற் கறுத்துவிடும். துருவேறா உருக்குப் பாத்திரம் குற்றமற்றது.

வேர், தீ, பாத்திரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோர் தண்ணீரை மறந்துவிடுவது வழக்கம். யாழ்ப்பாணத்திலோ தண்ணீரை மறத்தல் ஆகாது. தீபகற்பத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புப் பாறையின்மீது கிடக்கும் அந்நிலத்துக்குக் கிணறே உயிர். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழிக்க இடும் உரத்தின் எஞ்சிய பகுதி மழையோடு கீழிறங்கிக் கிணற்று நீரைச் சேர்கின்றது. அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வாளர் கண்டனர். கொதிக்கவைத்தால் நீர் தூய்மையாகும் என்பது கிருமிகளைப் பொறுத்தவரை உண்மை. நீரிலுள்ள சுண்ணாம்பும் ஓரளவு வெள்ளைப் படிவாக முட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றோ ஆவியாவதும் இல்லை, படிவதும் இல்லை. எட்டுப் பங்கு நீரில் இருந்தது முழுவதும் எஞ்சிய ஒரு பங்கில் வந்து நிற்கும். லீற்றருக்கு 60 மில்லிகிராம் உள்ள கிணற்று நீர் குடிநீராக வற்றும்போது 480 மில்லிகிராம் உள்ளதாகிவிடும்.

வளர்ந்தவர் ஒருவர் சில நாட்களுக்கு இதனைக் குடிப்பதால் பெருந்தீங்கு நேராது. அவர் ஒரு நாளிற் பருகும் கிணற்று நீரில் ஏறக்குறைய அதே அளவு நைத்திரேற்று எப்படியும் இருக்கும். அஞ்சவேண்டியது கைக்குழந்தையின் பொருட்டே. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி நைத்திரேற்றினால் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிப்பதுண்டு. வயிற்றுப் பொருமலுக்கென்று பாட்டிமார் சங்கிற் புகட்டும் குடிநீர் இங்கே கேடு விளைக்கலாம். அத்தகைய குழந்தைக்கு வைத்தியர் சொல்லாமல் எக்குடிநீரும் வேண்டா. ஏனையோருக்கு அவிப்பதற்கும், மாரியில் தூய்மையாகச் சேமித்த மழைநீரோ பரிசோதித்த நீரோ இருப்பின் அதுவே தக்கது.

இனி வேரைப் பற்றிய ஐயம். காய்ந்து, துண்டாகி, சாக்கில் கிடக்கும் வேருக்கு இலையும் இல்லை, பூவும் இல்லை. கடைக்காரர் சொல்லும் பெயரே அதற்கு அடையாளம். நன்னாரி மெல்லியது, மேற்றோல் செம்மை கலந்த கபிலநிறம். தென்னிந்திய மலைகளில் விளையும் மாகாளிக் கிழங்கின் தடித்த வேர் நன்னாரி என்ற பெயரில் சந்தைக்கு வருவதுண்டு. இரண்டுக்கும் மணம் ஒன்றாதலின் மூக்கும் ஏமாறும். மரமஞ்சள் என்னும் பெயரும் அவ்வாறே. இலங்கையின் ஈரவலயக் காட்டுக் கொடி ஒன்றுக்கும், இமயச் சாரலின் முட்புதர் ஒன்றுக்கும் அது பொதுப்பெயர். நல்லவேளையாக இரண்டிலும் உள்ள மஞ்சட் சத்து பேர்பெரீன் என்னும் ஒன்றே.

எல்லா மயக்கமும் இவ்வாறு இலேசாக முடிவதில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்சு நகரில் உடல் மெலிவதற்கென ஒரு மூலிகைக் கூட்டு கொடுக்கப்பட்டது. சேர்க்கவேண்டிய சீன வேர் ஒன்றுக்குப் பதிலாக, ஏறத்தாழ அதே பெயருடைய வேறொரு வேர் அதிற் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதடைந்தது. 1993இல் இதன் காரணம் வெளிப்பட்டது. அவ்வேர் அரிசுட்டோலோக்கியா இனத்தது. பாம்புக்கடி மருந்தென்று பெயர்பெற்ற ஈசுவரமூலியும், ஆடுதின்னாப்பாளையும் அதே இனத்தைச் சேர்ந்தவை. அவற்றிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குவது. "வேர்தானே, என்ன செய்யும்?" என்று கேட்போருக்கு இது தெரிந்திருத்தல் நன்று. இனிக்கின்ற அதிமதுரங்கூடத் தொடர்ந்து பல வாரம் குடித்தால் குருதியழுத்தத்தை உயர்த்தி, உடலின் பொற்றாசியத்தைக் குறைக்கும். அழுத்த நோய்க்கு மருந்துண்போர் அதனைத் தவிர்த்தலே முறை.

வேரிலும் இலையிலும் உண்மையான மருந்து இருப்பதனாலேயே இவ்வளவு விழிப்பு வேண்டியிருக்கின்றது. இருமலுக்கு அவிக்கும் ஆடாதோடையில் உள்ள வாசிசீன் என்னும் சத்தை முதலாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்எக்சீன் என்னும் மருந்தை வேதியியலார் ஆக்கினர். தடிமனுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் சூடான குடிநீர் இதமளிப்பதை எவரும் மறுக்கவேண்டியதில்லை.

காய்ச்சலின் கதை வேறு. 1990களின் முற்பகுதியில், போர்க்காலத் தடைகளால் மருந்துகள் தீபகற்பத்தை அடைதல் அரிதாயிருந்தபோது, பல வீடுகளுக்குக் குடிநீர் முட்டியே கிட்டிய துணை. இன்று அந்நிலை இல்லை. மாரியும் அதனையடுத்த மாதங்களும் யாழ்ப்பாணத்தில் டெங்குவின் காலம். டெங்குவில் மூன்று நாட்களுக்குப் பின் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை. அப்பொழுதே குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குச் செல்வதுண்டு. வீட்டாரோ குடிநீர் கேட்டது என்று ஆறுதலடைந்திருப்பர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கவர்ந்தது. வயற்சேற்றில் இறங்கியவருக்கு வரும் அந்நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் காலத்தில் கொடுத்தல் இன்றியமையாதது. வேரை வற்றவைத்துக் காத்திருக்கும் நாட்களே அங்கே உயிருக்கு உலையாகும்.

ஆதலின் காய்ச்சல் இரண்டு நாளைக் கடந்து மூன்றாம் நாளைத் தொட்டால் குருதிப் பரிசோதனைக்கு வைத்தியசாலை செல்லவேண்டும். கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, சிறுநீர் குறைதல், குருதிக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அதுவரை பொறுத்தலும் தவறு. செல்லும்போது, குடித்த குடிநீரைப் பற்றிச் சொல்ல நாணி மறைப்போர் பலர். மறைக்கவேண்டியதில்லை. எஞ்சிய சரக்குப் பொதியையும் பரியாரியார் எழுதிக் கொடுத்த துண்டையும் கையோடு எடுத்துச் சென்று காட்டினால், எந்த வேர், எத்தனை நாள், எவ்வளவு என்று வைத்தியர் கேட்கும் வினாக்களுக்கு விடை அப்பொதியிலேயே இருக்கும்.