பாட்டி போட்ட கோலம் திறக்கவில்லையா?

சகோதரிகளே, உங்கள் இளைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூத்தவளின் பத்திரிகையை அலங்கரித்த அதே கோலம் இதிலும் இருக்க வேண்டுமென்று வீட்டாருக்கு ஆசை. அது பாட்டி கைப்படப் போட்ட கோலம்; பாட்டி இன்று இல்லை. அச்சகத்தார் அன்று கொடுத்த குறுந்தகடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கணினியில் போட்டாலோ, ‘திறக்க இயலாது’ என்று கையை விரிக்கிறது!

பதற வேண்டாம். கோலம் எங்கும் போய்விடவில்லை. அதன் பாஷைதான் வேறு.

கோப்பின் பெயர் ‘சி.டி.ஆர்.’ என்று முடிகிறதா, பாருங்கள். கனடாவில் பிறந்து 1989-இல் வெளிவந்த ‘கோரல் டிரா’வின் முத்திரை அது. மதுரை, சிவகாசி அச்சகங்களுக்கு வெகுநாள் பழக்கம். புகைப்படம் என்பது புள்ளிகளின் கூட்டம்; பெரிதாக்கினால் கலங்கிவிடும். இதுவோ கோடுகளின் கணக்கு. ‘இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி’ என்று பாட்டி சொல்லிக் கொடுப்பாளே, அதைப் போல! வாசலளவு பெரிதாக்கினாலும் இழை பிசிறாது. ஆகவே, ‘ஜே.பி.ஜி.’யாக மாற்றித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் சம்மதிக்காதீர்கள், கோடெல்லாம் புள்ளியாகிவிடும்.

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் வையுங்கள். பிறகு ‘இங்க்ஸ்கேப்’ என்ற மென்பொருளில் நகலைத் திறந்து பாருங்கள். 2003-இல் தோன்றிய இதற்குக் காலணா செலவில்லை, சி.டி.ஆர். கோப்புகள் பலவற்றைத் திறந்துவிடும். திறந்ததும் ‘எஸ்.வி.ஜி.’யாகச் சேமியுங்கள். 2001 முதல் உலகப் பொதுவான வடிவம் அது. பல மென்பொருள்களுக்குப் புரியும்.

திறக்கவில்லையா? கோரல் டிரா வைத்திருக்கும் அச்சகத்தாரிடம் எஸ்.வி.ஜி.யாகவோ பி.டி.எஃப்.ஆகவோ கேளுங்கள். பழைய தமிழ் எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டால் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியும். எழுத்தையும் கோடாக மாற்றித் தரச் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன்பின் எழுத்தைத் திருத்த இயலாது. புதுப் பெயர்களை யூனிகோடில் புதிதாகத்தான் அடிக்க வேண்டும்.

கடைசியில், பழைய பத்திரிகையைப் பக்கத்தில் வைத்து இழை இழையாக ஒப்பிடுங்கள். திரை நிறமும் மை நிறமும் ஒன்றல்ல, எஸ்.வி.ஜி. திரைக்கென்று பிறந்தது. ஆகையால் ஒரு மாதிரித் தாள் அச்சடித்துப் பார்த்த பிறகே ‘சரி’ சொல்லுங்கள்.

பேத்தியின் பத்திரிகையிலும் பாட்டியின் கை இருக்கட்டும்!