எங்கே வலிக்கிறது? விரலால் காட்டுங்கள்!

ஒக்கலிபுரத்தில் பிசியோதெரபி செய்துவருகிறேன். 'சொண்ட நோவு' என்று கன்னடத்தில் சொன்னாலும் 'இடுப்புப் பிடிப்பு' என்று தமிழில் சொன்னாலும், நான் முதலில் கேட்பது, "ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்பதுதான். பெரும்பாலோர் உள்ளங்கையால் இடுப்பு முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். சிலர் மட்டும், இடுப்பின் பின்புறமுள்ள சிறு குழிக்குச் சற்றுக் கீழே, உட்பக்கமாக விரலை ஊன்றுவார்கள்.

அங்கேதான் திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேருகின்றன. சாக்ரோஇலியாக் மூட்டு என்பார்கள். சில மில்லிமீட்டருக்கு மேல் அசையாது. ஆனால் மேலுடம்பின் பாரம் இதன் வழியேதான் கால்களுக்கு இறங்குகிறது. 1905இல் பாஸ்டன் மருத்துவர்கள் கோல்ட்வெயிட்டும் ஆஸ்குட்டும் இதைப் பற்றி எழுதினார்கள். 1934இல் அதே ஊரின் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க் பிதுக்கத்தை விளக்கியதும், பாவம், இந்த மூட்டை எல்லோரும் மறந்தே போனார்கள்!

1994இல் ஜோசப் ஃபோர்ட்டின் என்ற அமெரிக்க மருத்துவர், வலியே இல்லாத 10 பேருக்கு இந்த மூட்டில் ஊசி போட்டு, வலி எங்கே தெரிகிறது என்று வரைந்து பார்த்தார். குழிக்குக் கீழே ஏறத்தாழ 10 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். விரல் சோதனை பிறந்தது இதிலிருந்துதான்.

ஸ்ரீராம்புரத்துச் சகோதரி ஒருவர் இரண்டாவது பிரசவத்துக்குப் பின் ஸ்கேன் உறையோடு வந்தார். "ஜவ்வு விலகியிருக்குன்னு எழுதியிருக்காங்க அண்ணா, ஆபரேஷன்தானா?" என்று கண்கலங்கினார். படுக்கையில் புரளும்போதும் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதும் வலியாம். இருமுறை கேட்டேன், இருமுறையும் விரல் அதே இடத்துக்குப் போனது. மூட்டை அழுத்தியும் தொடையைத் தள்ளியும் செய்யும் சோதனைகளில் மூன்று, அதே வலியைக் கிளப்பின. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்த 1994ஆம் ஆண்டு ஆய்வொன்றில், எல்லா டிஸ்க்குகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான் என்பதையும் அவருக்குச் சொன்னேன். அவருடைய டாக்டரும் பார்த்துச் சம்மதித்த பிறகு, இடுப்புப் பட்டையும் உடற்பயிற்சியும். மூன்று மாதத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

விரல் ஒன்றே தீர்ப்பாகிவிடாது. இந்த வலி புட்டத்துக்கும் தொடைக்கும், சிலருக்கு அரைக்கும்கூடப் பரவும். எக்ஸ்ரேயில் பார்த்தபடியே மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி அடங்குகிறதா என்று பார்ப்பதே இன்றும் உறுதியான வழி. காலையில் அரை மணிக்கு மேல் இடுப்பு இறுகிக் கிடக்கும் இளைஞர்கள் வாத நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் கட்டுப்படாமலோ, கால் மரத்தோ போனால் என்னிடம் வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.